பள்ளிக்கு நடந்த காலும் கடையில் நின்ற காலும்

 

மதீனாவில் பனூ ஸலமா என்றொரு கூட்டத்தார் இருந்தார்கள். அவர்களுடைய வீடுகள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலுக்குத் தொலைவில் இருந்தன. பள்ளிக்கு அருகில் குடியேற அவர்கள் விரும்பியபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களை இருந்த இடத்திலேயே இருக்கச் சொல்லி, பள்ளிக்கு நடந்து வரும் காலடிகள் நன்மையாக எழுதப்படுவதை எடுத்துரைத்தார்கள் என்பது ஹதீது. ஆக, நடப்பவனுக்கு வெகுமதி உண்டென்று சொல்லி மனிதனை நடக்க வைப்பது நமக்குப் புதிய பாடமன்று.

இதே உபாயத்தைத்தான் இன்று சிங்கப்பூர் அரசாங்கமும் கைக்கொண்டிருக்கிறது. சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015-ல் நடைச் சவாலைத் தொடங்கி, காலடிகளை எண்ணிப் புள்ளிகள் வழங்கி, அவற்றைப் பற்றுச்சீட்டுகளாக மாற்றிக்கொள்ளச் செய்தது. 2023 ஜூலையில் ‘ஹெல்த்தியர் எஸ்ஜி’ திட்டம் வந்தது. 40 வயது நிரம்பிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு மருத்துவரிடம் பதிந்துகொள்ளலாம். 2010-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் நீரிழிவு உள்ள பெரியவர்கள் சீனரில் நூற்றுக்கு 9.7, மலாய்க்காரரில் 16.6, இந்தியரில் 17.2 என்று தெரிந்தது. ஆகவே இந்தப் பேச்சு முதலில் நம் வீட்டுக்குரியது.

சகோதரர்களே, இனி என் குறையைச் சொல்கிறேன். நானும் பதிந்துகொண்டேன். முதல் ஆலோசனை முடிந்ததும் 20 வெள்ளி பெறுமான புள்ளிகள் கிடைத்தன. ரத்தத்தில் சீனி சற்றுக் கூடுதல் என்று மருத்துவர் எச்சரித்தார். சந்தோஷமாகக் கடைக்குத் திரும்பி, “இனி எனக்குச் சீனி போடாத தே கொண்டு வாங்க தம்பி” என்று சிப்பந்தியிடம் சொன்னேன். அவர் எஸ் பாஸில் ஊரிலிருந்து வந்தவர். கடையில் என்னைவிட அதிக நேரம் நிற்பவர்.

இரண்டு வாரம் கழித்து அவர் நொண்டுவதைக் கண்டு செருப்பைக் கழற்றச் சொன்னேன். கால் விரலில் ஆறாத புண். “ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன். “ஒரு நாள் சம்பளம் போய்விடுமே முதலாளி” என்றார். பரிசோதித்ததில் அவருக்கும் நீரிழிவு இருந்தது. அல்லாஹ் காப்பாற்றினான், விரல் பிழைத்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் காலடிக்குப் புள்ளி எண்ணிய நான், என் கடையில் நின்ற காலைப் பார்க்கவில்லையே!

இத்தகைய சிப்பந்திகளுக்காக முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. நல்லதே. ஆனால் அது மருத்துவமனையில் படுத்த பிறகு உதவும் பணம். படுக்காமல் காக்கும் பணமன்று. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர் யார்? நம் கையின் கீழ் வேலை செய்வோர் நம் சகோதரர்கள் என்றும், நாம் உண்பதையே அவர்களுக்கும் உண்ணக் கொடுக்க வேண்டும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். உணவுக்குள்ள இந்தச் சமத்துவம் ஆரோக்கியத்திற்கு இல்லாமற் போகுமா?

ஆகவே மூன்று காரியங்களை வேண்டுகிறேன். ஒன்று, ஆண்டுக்கு ஒருமுறை சிப்பந்திக்குச் சம்பளம் பிடிக்காமல் அரை நாள் விடுப்புக் கொடுத்து, ரத்தப் பரிசோதனைச் செலவையும் நாமே ஏற்போம். இரண்டு, நோன்பு திறக்கும் பந்தியில் பேரீச்சம்பழமும் கஞ்சியும் நம் மரபு, அவை இருக்கட்டும். சிவப்புச் சர்பத்து இருக்குமிடத்தில் தண்ணீரை வைப்போம். மூன்று, நடக்கக்கூடிய தூரத்தில் பள்ளி இருந்தால் காரை விட்டுவிட்டு, சிப்பந்தியையும் அழைத்துக்கொண்டு ஜமாஅத்துக்கு நடந்து போவோம். போகும் வழியில் அவருடைய சுகத்தை விசாரிப்போம். சம்பளம் போகாது என்று தெரிந்தால் எவரும் புண்ணை மறைக்கமாட்டார்.

அரசாங்கம் தரும் புள்ளிகளைத் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள்; அது குற்றமன்று. ஆனால் அவை கடையிலேயே செலவாகிவிடும். சிப்பந்தியின் காலைக் காத்ததற்கான கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது.

எல்லாம் வல்ல அல்லாஹ் நமக்கும் நம்மை நம்பி வந்தவர்களுக்கும் நற்சுகம் அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.