மறைவும் வஞ்சகமும்

ஒருவன் தன் செலவை மறைத்தால் அவனை வஞ்சகனென்று கொள்ளலாமா? நாணயத்தில் எவர் பெயரும் இல்லை. மின்பணமோ செலவிட்டவன் பெயரை ஏட்டில் பதிந்துவிடுகின்றது. இதற்கு மாற்றாக 1982-ல் டேவிட் சாம் என்னும் அமெரிக்க அறிஞர் ‘குருட்டுக் கையொப்பம்’ என்ற கணித முறையைக் கண்டார். உவமையாகச் சொன்னால், கிராணிமார் அறிந்த கார்பன் தாளுடன் நோட்டை உறையிலிட்டு மூடினால், மேலே பாங்கி இடும் கையொப்பம் உள்ளே பதியும். நோட்டின் எண்ணைப் பாங்கி அறியாது. பின்னர் அந்நோட்டு திரும்பி வருங்கால், அது யார் பெற்றதென்றும் அறியாது.

ஒரே நோட்டை இருமுறை செலவிட்டால்? 1988-ல் சாமும் ஃபியட், நவோர் என்போரும் அதற்கும் வழி கண்டனர்: ஒருமுறை செலவிட்டவன் பெயர் மறைந்தே நிற்கும்; இருமுறை செலவிட்டவன் பெயர் வெளிப்பட்டுவிடும்.

மறைவு நேர்மையாளனின் உரிமை. வஞ்சகன் தன் செய்கையாலேயே அதை இழக்கின்றான். அங்ஙனமிருக்க, அனைவரையும் வேவு பார்ப்பது நீதியாகுமோ?