வெண்புகை

கத்தோலிக்கராகிய நமக்கு வெண்புகை என்றால், உரோமையில் புதிய திருத்தந்தை தேர்ந்தெடுக்கப்பட்டார் என்ற மகிழ்ச்சிச் செய்தி. லாரி ஓட்டுநருக்கோ அது வசைமாரியின் தொடக்கம்.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலை கண்ணமங்கலம் வழியே போகிறது. மார்கழி விடியலில், பனி இன்னும் விலகாத வேளையில், சாலையோரம் நிற்கும் லாரியொன்று எஞ்சினை உரக்க ஓடவிட்டு வெண்புகையைக் கக்கினால், தறியில் அமரப் போகும் நெசவாளர் என்ன நினைப்பார்? பழுதான வண்டி, பொறுப்பற்ற ஓட்டுநர் என்றே நினைப்பார். அவரைக் குறைசொல்வதற்கில்லை. ஆயினும் உண்மை அதற்கு நேர்மாறாக இருக்கக்கூடும்.

2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்தது. டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. புதிய லாரிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இடம்பெற்றது. தேன்கூடு போன்ற நுண்குழல்கள் அவை. ஒன்றுவிட்டு ஒன்றாக வாய் அடைக்கப்பட்டவை. புகை சுவரை ஊடுருவி வெளியேற, கரி உள்ளே தங்கிவிடும். தங்கிய கரியை எரித்தாக வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். நெடுந்தொலைவு விரைந்தோடும் வண்டியில் இது ஓட்டத்திலேயே நடந்துவிடும். நின்று நின்று செல்லும் வண்டியையோ சில வேளைகளில் அரைமணி நேரம் நிறுத்திவைத்து, கூடுதல் டீசல் செலுத்தி எரிக்க நேரிடும். குளிர்ந்த காலையில், குழாய் நன்கு சூடேறும்வரை நீராவியும் எரியாத டீசல் ஆவியும் வெண்புகையாய்த் தோன்றும். அது நீடித்தால்தான் பழுது.

இந்த அரைமணியைப் பொறுக்காமல், பட்டறையில் வடிகட்டியின் உட்பகுதியையே அகற்றி, எச்சரிக்கை விளக்கும் எரியாதபடி செய்துகொள்ளும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அவ்வண்டி எங்கும் காத்து நிற்க வேண்டியதில்லை. அது உமிழும் நுண்துகளைக் கண் அறியாது, நுரையீரல் அறியும். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று 2012-இல் அறிவித்தது. ஆக, நெறிப்படி நடப்பவர் அரைமணி நேரம் குற்றவாளியாகத் தோன்றுகிறார். ஏமாற்றுபவர் நாள் முழுதும் நிரபராதியாய் வலம் வருகிறார்.

அதனால் முன்னவர் எங்கு வேண்டுமானாலும் புகைவிடலாமோ? நல்ல நோக்குடன் செய்யும் செயலிலும் நாடாத தீமை விளைவதுண்டு. தற்காப்பைப் பற்றி எழுதுகையில் இதனை ஆராய்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ், தேவைக்கு மிஞ்சிய வன்மையை ஏற்கவில்லை. வெட்டவெளி அருகிருக்க, குடியிருப்பின் வாசலில் புகைவிடுவது தேவைக்கு மிஞ்சியதே. போகியன்று வீட்டைத் தூய்மையாக்குவதாகச் சொல்லித் தெருவில் பழைய டயரைக் கொளுத்துவோரும் இக்கேள்விக்குத் தப்பமுடியாது. 2018 போகியின் புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்களே இறங்கத் தடுமாறின.

வடிகட்டி நிரம்பி வருவதை விளக்கு முன்கூட்டியே காட்டிவிடும். காய்ந்த புல்லோ வைக்கோலோ இல்லாத திறந்தவெளியாகத் தேட வேண்டும். குழாயின் சூடு தீமூட்டிவிடும். ஆனால் தேடவும் காத்திருக்கவும் ஓட்டுநருக்கு நேரம் ஏது? அவரை உரிமையாளர் விரட்டுகிறார். உரிமையாளரைச் சரக்குக்குரிய வணிகர் விரட்டுகிறார். கடையில் பொருள் இல்லையென்றால் வணிகரிடம் முகம் சுளிப்பவர் நாம். தாமதத்திற்காக வாடகையில் பிடித்தம் செய்யும்போது, அந்த அரைமணியை மட்டும் கழித்துவிட வணிகர் இசைவாரா? இசையாவிட்டால் ஓட்டுநர் நெசவாளர் வாசலிலேயே வண்டியை நிறுத்துவார். அல்லது உரிமையாளர் அதைப் பட்டறைக்கு அனுப்புவார்.