பிறருக்காக நாம் சபூர் செய்யலாமா?

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்பதை மிம்பரிலும் மேடையிலும் அடிக்கடி சொல்கிறோம், கேட்கிறோம். ஆனால், வீட்டில் ஒருவர் திடீரென வாய் கோணிச் சாயும் வேளையில் அந்தச் சொல் நம் நினைவுக்கு வருகிறதா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மஃரிபு தொழுகைக்குப் பின் ஒரு வாலிபர் பள்ளிவாசலுக்கு ஓடி வந்தார். "ஹஜ்ரத், அத்தாவுக்கு வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. பேச்சு வரலே. வந்து ஓதிப் பாருங்க" என்றார். உடனே சென்றேன். பெரியவரின் வலது கை துவண்டு கிடந்தது. ஓதி ஊதினேன். தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். அது கடைவாயில் வழிந்தது, இருமினார். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாமா?" என்று மகன் கேட்டார். "அல்லாஹ் ஷிஃபா தருவான், காலையில் பார்க்கலாம்" என்றனர் கூடியிருந்தோர். நானும் மறுக்கவில்லை. மறுநாள் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" என்பதுதான். பதிலைக் கேட்டதும், "நேரம் கடந்துவிட்டதே" என்றார்.

அதன் பொருளைப் பின்னரே விசாரித்து அறிந்தேன். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதால் பெரும்பாலும் பக்கவாதம் வருகிறது; சிலருக்குக் குழாய் வெடிப்பதாலும் வருகிறது. எது என்பதை ஸ்கேன் எடுத்தே தெளியலாம். அடைப்பாயின், அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பு அணுக்கள் மடிவதாக ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். விழுங்கும் சக்தி குன்றியிருக்கும்போது தண்ணீர் கொடுத்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். நான் கொடுத்த அந்தத் தண்ணீரை நினைத்து இன்றும் இஸ்திக்ஃபார் செய்கிறேன்.

மருத்துவத்தை நாடுவது தவக்குலுக்குக் குறைவு என்போர், கேள்வி கணக்கின்றிச் சுவர்க்கம் புகும் எழுபதினாயிரம் பேரைப் பற்றிய ஹதீஸைக் காட்டுவர். அந்த ஹதீஸில் கூறப்பட்டோர், தமக்கு ஓதிப் பார்க்கும்படி பிறரிடம் கேட்காதவர்களும் ஆவர். ஓதிப் பார்க்க ஆளனுப்பிவிட்டு, மருத்துவத்தை மட்டும் தடுக்க அதை ஆதாரமாக்குவது எப்படி நியாயமாகும்? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் காரணங்களை மூவகையாக்குகிறார்கள்: உறுதியானவை, பெரும்பாலும் பலன் தருபவை, வெறும் யூகமானவை. உறுதியானதை விடுவது தவக்குல் ஆகாது. உயிருக்கு அச்சமிருப்பின் ஹராம் என்கிறார்கள். மருத்துவத்தை இரண்டாம் வகையில் சேர்த்து, அதைச் செய்வது தவக்குலுக்கு முரணன்று என்கிறார்கள். ஓதிப் பார்ப்பதையோ மூன்றாவதில் வைக்கிறார்கள். மருந்து அல்லாஹ்வின் விதியைத் தடுக்குமா என்று கேட்கப்பட்டபோது, அதுவும் அவன் விதியில் உள்ளதே என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள்.

வலிப்பு நோயுற்ற ஒரு பெண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து துஆ கேட்ட வரலாறும் உண்டு. பொறுத்திருந்து சுவர்க்கம் பெறுவதா, சுகத்துக்கு துஆ செய்வதா என்று அவரிடமே விடப்பட்டது. அவர் பொறுமையைத் தேர்ந்தார். இங்கே தேர்ந்தவர் யார்? நோயுற்ற அவரே! வாய் பேச முடியாமல் கிடக்கும் தந்தைக்காக "சபூர் செய்வோம்" என்று நாம் முடிவு கட்டுவது அவருடைய சபூர் அன்று; நம்முடைய அலட்சியம். தன் உடலைக் கொண்டு ஒருவன் பொறுமை காக்கலாம். பிறர் உடலைக் கொண்டு பொறுமை காக்க நமக்கு ஏது உரிமை? சிகிச்சையை விட்டால் உயிரோ, உறுப்போ போகும், அல்லது முடம் நேரும் என்றிருந்தால் சிகிச்சை கடமையாகும் என 1992ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் தீர்மானித்துள்ளது.

அல்லாஹ்வின் கிருபையால் அந்தப் பெரியவர் பிழைத்தார். பயிற்சியாளர் சொன்னபடி மகன் நாள்தோறும் அவர் கையையும் காலையும் அசைத்துவிட்டார். நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்பது இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய சலுகை. பெரியவர் அந்தப் படிகளில் கீழிருந்து மேலே ஏறினார். முதலில் படுத்தபடி சைகையால் தொழுதார். சில மாதங்களில் உட்கார்ந்து தொழுதார். உட்கார்ந்து தொழுபவருக்கு இடையில் நிற்கச் சக்தி வந்தால் எழுந்து நிற்கவேண்டும் என்பது சட்டம். ஒரு நாள் அஸரில் மகனின் தோளைப் பற்றி எழுந்து நின்றார். வலது கை முழுதும் திரும்பவில்லை. பேச்சும் பாதிதான் வந்தது. அவர் என்னைக் கடிந்ததே இல்லை. அதுவே எனக்குப் பாரமாக இருக்கிறது.

சகோதர சகோதரிகளே! முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108க்குச் சொல்லுங்கள். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே கொண்டு செல்லுங்கள். ஆலிமை அழைப்பதாயின் அவரும் வண்டியில் ஏறி ஓதிக்கொண்டே வரட்டும். ஷிஃபா அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. அந்த நாலரை மணி நேரத்தையோ அவன் நம் கையில் அமானிதமாகத் தந்திருக்கிறான்.

யா அல்லாஹ்! பிணியுற்றோர் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தருவாயாக! அவர்கள் விஷயத்தில் நாங்கள் செய்த குறைகளை மன்னிப்பாயாக! ஆமீன்.