காணும் கண்ணும் கண்ணோட்டமும்

தீ எங்கே எழுந்தாலும் அங்கே மூவகை மாந்தரைக் காணலாம். தீயினால் வாடுவோர் ஒரு வகையினர். அத்தீயை அணைக்க முனைவோர் மற்றொரு வகையினர். இவ்விரண்டிலும் சேராது நின்று காண்போர் மூன்றாம் வகையினர். வாடுவோரின் துயரையும் காப்போரின் தொண்டையும் பற்றி அறிஞர் பலர் பேசியுள்ளனர். காண்போரின் கடமை யாது என்னும் வினாவோ அந்த அளவிற்கு ஆராயப்படவில்லை. இன்று அவ்வினாவைத் தட்டிக்கழிக்க இயலாத நிலை தோன்றியுள்ளது. காண்போனின் கண் இன்று அவன் முகத்தில் மட்டும் இல்லை. டிரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு வானூர்தியில் ஏறி அது வானத்திலும் உலவுகிறது. பொழுதுபோக்கிற்காக அதனை வாங்கிய ஓர் இளைஞன், தீயணைப்பு வீரர்கள் உயிரைப் பணயம் வைத்துப் போராடும் களத்தின்மேல் அதனைப் பறக்கவிட்டுப் படம் எடுக்கிறான். அது அறமாகுமா?

நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டப்புறங்களை அறிந்தோர்க்குத் தீ புதிய செய்தி அன்று. ஆண்டின் தொடக்கத் திங்கள்களில் இரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் காலத்தில், காய்ந்த சருகு தரையெங்கும் மெத்தைபோல் கிடக்கும். எவரோ வீசிய ஒரு தீக்குச்சி போதும். நிரை நிரையாகத் தீ ஓடும். இரப்பர்த் தகடுகளை உலர்த்திய புகைக்கூடங்களும் தீயின் அச்சத்தை என்றும் சுமந்தே நின்றன. பலகைச் சுவரும் ஒரே கூரையுமாக வரிசையில் கட்டப்பட்ட லயத்து வீடுகளிலோ, ஒருவர் அடுப்படியில் பற்றிய நெருப்பு அடுத்தவர் படுக்கையறைக்குச் செல்ல நெடுநேரம் ஆகாது. போம்பா என்று தோட்டத்து மக்கள் அழைக்கும் தீயணைப்பு வண்டி, சிரம்பானிலிருந்தோ பகாவிலிருந்தோ தம்பினிலிருந்தோ செம்மண் சாலை வழியே வந்து சேரும்வரை, வாளியும் மணலும் ஈரச்சாக்குமே துணை.

அத்தகைய லயத்தில் வேடிக்கை பார்ப்போர் என்றொரு வகையினர் இருக்க இயலாது. அண்டை வீட்டுத் தீ தன் வீட்டுத் தீயே என்பதைக் கூரையே கற்பித்தது. இதனால் அக்கால மக்கள் அனைவரும் சான்றோராய் வாழ்ந்தனர் என்று கூறுவது மிகையாகும். கிணற்றில் ஒருவர் விழுந்தாலும் சாலையில் விபத்து நேர்ந்தாலும் கூட்டம் கூடி நின்று பார்த்ததும் உண்டு. எனினும், நின்று பார்த்தவன் வெம்மை தன்மேல் படும் தொலைவில் நின்றான். 'தள்ளி நில்' என்று தண்டலோ வீரரோ அதட்டினால் அவன் காதில் விழும். வாளியொன்றை அவன் கையில் திணிக்கவும் எவரேனும் அருகில் இருந்தனர். இன்று வானத்தில் கண்ணைப் பறக்கவிடுபவனோ வெம்மை படாத தொலைவில் நிற்கிறான். அவனை அதட்டுவாரும் இல்லை. அவனிடம் உதவி கேட்பாரும் இல்லை. பழைய பார்வையாளனுக்கும் இவனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இவ்வேறுபாட்டின் விளைவை அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி தெளிவுறக் காட்டுகிறது. 2025-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 7-ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பாலிசேட்ஸ் பகுதியில் பெருந்தீ மூண்டது. கடல்நீரை அள்ளிச் சென்று தீயின்மேல் கொட்டும் வானூர்திகள், கனடாவின் கியூபெக் மாநிலத்திலிருந்து வந்து அங்குப் பணியாற்றின. அப்பகுதியில் பிற வானூர்திகள் பறத்தலாகாது என்று அரசு தடை விதித்திருந்தது. எனினும், சனவரி 9-ஆம் நாள் ஒருவர் சாண்டா மோனிக்காவில் வாகன நிறுத்துமிடக் கட்டடம் ஒன்றின் மேல்தளத்திலிருந்து தம் சிறு டிரோனைத் தீயை நோக்கி அனுப்பினார். அது இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் சென்று அவர் பார்வையிலிருந்து மறைந்தது. மறைந்த சிறிது நேரத்தில் தீயணைப்பு வானூர்தியின் இடச்சிறகில் மோதித் துளையிட்டது. நல்வாய்ப்பாக வானோடிகள் ஊர்தியைப் பாதுகாப்பாகத் தரையிறக்கினர். ஆயினும், தீ கொழுந்துவிட்டு எரிந்த அந்நாள்களில் அவ்வூர்தி பழுதுபார்ப்பிற்காக முடங்கிக் கிடந்தது. டிரோனை அனுப்பியவர் பின்னர்க் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இந்நிகழ்ச்சியில் கருதத்தக்கது ஒன்று உண்டு. அம்மனிதர் எவர்க்கும் தீங்கு செய்யக் கருதியவர் அல்லர். தீயைக் காண விழைந்தார், அவ்வளவே. தீய எண்ணம் இல்லாதபோது குற்றம் எங்கிருந்து வந்தது? தம் செயலின் இடரைத் தாம் ஏற்காமல் பிறர் தலையில் ஏற்றியதிலிருந்து வந்தது. வானூர்தி வீழ்ந்திருந்தால் மாண்டிருப்போர் வானோடிகள். அது முடங்கிய நாள்களில் வீடிழக்கும் இடர் அங்குக் குடியிருந்தோர்க்கு. பார்த்தவருக்கோ ஒரு டிரோன் போயிற்று. இன்பம் ஒருவர்க்கு, இடர் வேறொருவர்க்கு என்றால், அவ்விடரை ஏற்போரின் இசைவு வேண்டுமன்றோ? அவ்விசைவைக் கேட்க நேரமில்லாத களம் தீக்களம். அதனாலேயே அங்கு விலகி நிற்பது கடமையாகிறது.

இனி, மறுபக்கத்தையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். படம் எடுப்பது எப்பொழுதும் தீதன்று. தண்ணீர்க் குழாயில் நீர் வரவில்லை, வண்டி நுழையப் பாதை இல்லை, குடியிருப்பு பழுதாகிக் கிடந்தது என்னும் உண்மைகளைப் படங்களே பலமுறை வெளிக்கொணர்கின்றன. எளியவர் சொல் அம்பலம் ஏறாத இடத்தில் படம் ஏறும். தோட்டத்து மக்களின் துயரங்கள் பல, படம்பிடிப்பார் இன்றியே மறைந்தன என்பதும் மறுக்கவியலாத உண்மை. மேலும், தீயணைப்பு மீட்புத் துறையே இன்று டிரோன்களைப் பயன்படுத்துகிறது. தீ எத்திசையில் பரவுகிறது, சிக்கியோர் எங்குள்ளனர் என்பவற்றை அவை மேலிருந்து காட்டுகின்றன. ஆகவே, கருவியைப் பழிப்பது பேதைமை. ஆராய வேண்டியது கருவியை அன்று. காண்பவனின் நோக்கத்தையும் அவன் நிற்கும் இடத்தையும் ஆகும்.

திருக்குறளின் 58-ஆம் அதிகாரம் கண்ணோட்டம். அதனை அடுத்த 59-ஆம் அதிகாரம் ஒற்றாடல். பிறர் துயர்கண்டு நெஞ்சு நெகிழும் பார்வையை முன்னது கூறுகிறது. நாட்டைக் காக்கும் கடமைக்காக மறைந்திருந்து அறியும் பார்வையைப் பின்னது கூறுகிறது. துறையின் டிரோனையும், குறையை வெளிக்கொணரும் படத்தையும் இவ்விரு பார்வைகளுள் அடக்கலாம். ஒன்றில் கடமை உண்டு. மற்றொன்றில் இரக்கம் உண்டு. கடமையும் இரக்கமும் இன்றி, கண்டு களிப்பதற்காகவே பிறர் துயரைக் காணும் மூன்றாம் பார்வைக்கு வள்ளுவர் அதிகாரம் வகுக்கவில்லை.

மோதல் ஏதும் நிகழாவிடின் அப்பார்வை குற்றமற்றதாகுமா என்று சிலர் வினவலாம். 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் பூச்சோங்கில், ஈயக்குட்டை நீரில் மூழ்கிய ஓர் இளைஞனைத் தேடச் சென்ற தீயணைப்பு மீட்புப் படையினர் அறுவர் நீரிலேயே உயிர் நீத்தனர். 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், நோன்புப் பெருநாளின் மறுநாள், புத்ரா ஹைட்ஸ் பகுதியில் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீ வானளாவ எழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர், பலர் வீடிழந்தனர். பெருநாள் உடையோடு வெறுங்காலில் ஓடி வருபவர் தம் கண்ணீர் ஊரெல்லாம் காணும் காட்சியாவதை விரும்புவாரா? நண்பனின் உடலை நீரிலிருந்து தூக்கும் வீரர், தலைக்குமேல் ஓர் அயலான் கருவி இரைவதை விரும்புவாரா? உடலில் காயம் படாவிடினும் மானத்தில் படும். துயருற்றவனிடம் மிஞ்சியிருப்பது சில வேளைகளில் அம்மானம் ஒன்றே.

நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டுச் சிவில் வான்போக்குவரத்து ஒழுங்குவிதிகள், இயக்குவோன் சிறு வானூர்தியைத் தன் கண்பார்வைக்குள் வைத்திருத்தல் வேண்டும் என்றும், இசைவின்றி 400 அடிக்குமேல் செலுத்துதலாகாது என்றும் வகுத்தன. சட்டம் தொலைவையும் உயரத்தையும் அளக்கும். நெஞ்சை அளக்க அதனால் இயலாது. அதனை அளக்க மூன்று வினாக்கள் போதும். என் பார்வையால் காப்பவர் பணிக்கு இடையூறு உண்டா? வாடுபவர் தம் நிலையில் நான் இருந்தால் இப்படத்திற்கு இசைவேனா? இப்படத்தால் எவர்க்கேனும் நன்மை உண்டா, அன்றி எனக்குப் புகழ் மட்டுமா? முதல் வினாவிற்கு 'உண்டு' என்பது விடையானால் மற்றவற்றைக் கேட்கவே தேவையில்லை. கருவியை இறக்கிவிடல் வேண்டும். இடையூறு இல்லாதவிடத்து, ஏனைய இரண்டும் வழிகாட்டும்.

இவ்வினாக்களை மாணவர்க்குக் கற்பிக்க வேண்டிய இடம் பள்ளியே. தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் பல மறைந்துவிட்டன. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தபோது கூரையே கற்பித்த பாடத்தை, தனித்தனிக் கூரைகளின்கீழ் வாழும் பிள்ளைகட்கு இனி ஆசிரியரே கற்பித்தல் வேண்டும். டிரோன் இயக்கத் தெரிந்த மாணவனைக் கடிந்து பயனில்லை. அவன் அறிவுக்கூர்மை போற்றத்தக்கது. தீ கண்டதும் 999 என்னும் எண்ணை அழைக்கவும், வண்டிக்கு வழிவிடவும், முதியோர்க்குக் கைகொடுக்கவும், செய்வதற்கு வேறொன்றும் இல்லையெனில் விலகி நிற்கவும் அவன் பழகுவானாயின், அவனுடைய கல்வி முழுமை பெற்றதாகும். விலகி நிற்பதும் ஒரு தொண்டே.