கரையொதுங்கும் டால்பின்களும் கொல்லாமை நெறியும்



1990ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஸ்பெயின் நாட்டின் வலென்சியாக் கடற்பகுதியில் டால்பின்கள் நோயுற்று, ஒன்றன்பின் ஒன்றாகக் கரையொதுங்கத் தொடங்கின. விலாப்புறத்தில் கோடுகள் ஓடும் வரி டால்பின் இனத்தவை அவை. பல இறந்து ஒதுங்கின. சில உயிருடன் வந்து, மூச்சிரைத்து, உடல் நடுங்கி, மணலிலேயே மாய்ந்தன. இத்துன்பம் அக்கரையோடு நிற்கவில்லை. இத்தாலி, கிரேக்கம் எனக் கிழக்கு நோக்கி நகர்ந்து 1992இல் துருக்கிக் கடலையும் எட்டியது. மாண்டவை ஆயிரக்கணக்கானவை என்பர். நடுக்கடலில் மாண்டு மூழ்கியவற்றை எண்ணியவர் எவருமில்லை.

எங்கோ மேனாட்டுக் கடலில் நிகழ்ந்ததை அறம் பேசும் ஏட்டில் எழுதுவானேன் என்று நம்மில் சிலர் நினைத்தல் கூடும். உயிர்களை இரக்கத்தோடு நோக்கும் நாம் அவற்றை அறிவோடும் நோக்குகின்றோமா என்னும் வினாவை இந்நிகழ்ச்சி எழுப்புகின்றது. அதனாலேயே எழுதத் துணிந்தோம்.

நம் கடற்கரை மீனவர் ஓங்கில் என்று வழங்கும் டால்பின், மீன் போலத் தோன்றினும் மீன் அன்று. அதற்குச் செவுள் இல்லை, நுரையீரல் உண்டு. குட்டி ஈன்று பாலூட்டி வளர்ப்பது. நம் ஆகமங்கள் வகுத்த முறையில் கூறின், விலங்கு கதியில் பிறந்து, நீரில் இயங்கி, ஐம்பொறிகளோடு மனமும் வாய்க்கப்பெற்ற உயிர். இத்தகைய உயிர் நற்காட்சி பெறவும், சிறுவிரதங்களை ஏற்று ஒழுகவும் தகுதி உடையது என்பது நம் ஆசாரியர்கள் துணிபு. பகவான் மகாவீரர் தம் முற்பிறவி ஒன்றில் சிங்கமாக இருந்தபோதே நற்காட்சி எய்தினார் என்பதை நாம் அறிவோம். எனவே மணலில் கிடந்து மூச்சிரைக்கும் அவ்வுயிரை நம்மினின்று வெகுதொலைவில் வைத்து எண்ணுதல் தகாது.

அவ்வுயிர்களை மாய்த்தது மார்பிலி வைரஸ் என்னும் நுண்கிருமி. குழந்தைகளைப் பற்றும் தட்டம்மை, நாய்களைக் கொல்லும் டிஸ்டெம்பர், ஆடுகளுக்கு வரும் ஆட்டுக்கொல்லி ஆகியவற்றின் கிருமிகள் இதன் உறவினங்கள். நம் பாட்டனார் காலத்தில் உழவு மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோயும் இக்குலத்தைச் சேர்ந்ததே. அந்நோய் உலகினின்று ஒழிந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது. கடல்வாழ் டால்பின் குலத்தில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1988இல், அயர்லாந்துக் கரையில் ஒதுங்கிய சிறு கடற்பன்றிகளின் உடலில். அதே ஆண்டில் வட ஐரோப்பியக் கடல்களில் ஏறத்தாழ 18,000 கடல்நாய்கள் இதற்கு உறவான மற்றொரு கிருமியால் மடிந்தன.

இந்நோய் பரவும் வழி மூச்சே. டால்பின்கள் கூட்டமாக வாழ்வன. ஒருங்கே நீர்மட்டத்திற்கு எழுந்து, தலையின் உச்சியிலுள்ள துளை வழியே மூச்சை விசையோடு வெளியிட்டு, உடனே உள்ளிழுப்பன. நோயுற்ற ஒன்றின் மூச்சுத் திவலையை அருகில் நீந்தும் மற்றொன்று உள்வாங்குகிறது. கூடி வாழும் நற்பண்பே நோய்க்குப் பாலம் ஆகின்றது. கிருமி நுரையீரலைப் பற்றி, நோயெதிர்க்கும் ஆற்றலைச் சிதைத்து, மூளையையும் தாக்குகிறது. மூளை தாக்குண்டது திசையறியாது கரை நோக்கி வரும். முதல் தாக்குதலில் பிழைத்தவற்றுள் சில, பின்னாளில் மூளையில் தங்கிய கிருமியாலோ, பூஞ்சை முதலிய வேறு தொற்றுகளாலோ மடிகின்றன. பிழைத்தவை எதிர்ப்பாற்றல் பெறுதலால் கொள்ளை தணிகிறது. ஆயினும் அதன்பின் பிறக்கும் தலைமுறைக்கு அப்பாதுகாப்பு இல்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் 1987-88இல் 740க்கு மேற்பட்ட டால்பின்கள் மாண்டு ஒதுங்கின. கால் நூற்றாண்டு கழித்து, 2013 முதல் 2015 வரை, அதே கரையில் 1,600க்கு மேற்பட்டவை ஒதுங்கின.

அந்த முதற் கொள்ளையைப் பற்றி ஒரு செய்தியை இங்குச் சொல்லியாக வேண்டும். கடலில் செந்நிறமாகப் பெருகும் ஒருவகைப் பாசியின் நஞ்சே காரணம் என்று அப்போது ஆய்வாளர் அறிவித்தனர். அதனை முடிந்த முடிபென்று கொண்டு, உடற்கூறுகளை எறிந்திருந்தால் உண்மை புதைந்தே போயிருக்கும். அவற்றைப் பதப்படுத்திக் காத்து வைத்திருந்தனர். ஆண்டுகள் சில கழிந்தபின் மீண்டும் ஆராய்ந்தபோது அவற்றுள் பலவற்றில் மார்பிலி வைரஸின் தடயங்கள் தென்பட்டன. ஒரு பொருளுக்குப் பல கூறுகள் உண்டு, ஒரு கூற்றைக் கண்டு முழுமை என்று துணியாதே என்னும் அநேகாந்தத்தை நாம் மேடைகளில் பேசுகின்றோம். ஆய்வுக்கூடத்தில் அதனைப் பொறுமையோடு கடைப்பிடித்தவர்கள் இவர்கள். ஆசிரியப் பயிற்சியில் நமக்குக் கற்பித்ததும் இதுதான்: மாணவனின் விடை தவறென்று கோடிடுமுன் இன்னொரு முறை படி.

கிருமி ஒன்றே காரணமா என்று கேட்டால், அங்கும் ஒற்றை விடை இல்லை. மத்தியதரைக் கடலில் மாண்ட டால்பின்களின் கொழுப்பை ஆராய்ந்தவர்கள், உயிருடன் இருந்தவற்றைக் காட்டிலும் அவற்றில் பி.சி.பி. என்னும் நச்சுப்பொருள் மிகுந்திருக்கக் கண்டனர். இது மின்மாற்றிகளிலும் மின்தேக்கிகளிலும் எண்ணெயாகப் பயன்பட்டது. அமெரிக்கா 1979இல் இதன் உற்பத்தியைத் தடை செய்தது. ஆனால் எளிதில் சிதையாத பொருள் ஆதலின் இன்றும் கடலில் இருக்கின்றது. நுண்ணுயிரிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும், அங்கிருந்து டால்பினுக்கும் ஏறி ஏறிச் செறிகிறது. இந்நஞ்சு நோயெதிர்ப்பைக் குன்றச் செய்யும் என்பர். நஞ்சு மிகுந்ததால் நோய் முற்றியதா, வேறு காரணங்களும் சேர்ந்தனவா என்பது பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாமும் அளவு கடந்து கூறோம்.

எனினும் ஒன்று நம் நெஞ்சை விட்டு அகல மறுக்கின்றது. இந்நஞ்சு கொழுப்பில் கரைவது. டால்பினின் பாலோ கொழுப்பு மிக்கது. தாய் தன் உடலில் பல்லாண்டு சேர்ந்த நஞ்சின் பெரும்பகுதியைத் தன் தலைக்குட்டிக்குப் பாலோடு ஊட்டிவிடுகிறது. தாயின் சுமை குறைகிறது. குட்டியின் சுமை ஏறுகிறது. அத்தாய்க்கு அதில் குற்றம் ஏதுமில்லை. குற்றம் எவருடையது?

இல்லறத்தார்க்கு நேரும் ஹிம்சையை நம் நூலோர் நான்காக வகுத்தனர். கொல்வேன் என்று கருதிச் செய்வது, இல்லப் பணிகளில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவதை அறவே விலக்குக. ஏனைய மூன்றினைக் கூடியமட்டும் குறைக்க என்பது கட்டளை. டால்பினைக் கொல்லக் கருதி எவரும் பி.சி.பி. செய்ததில்லை. மூன்றாம் வகை அது. கருத்தில்லாத ஹிம்சை என்பதால் அதற்குக் கணக்கில்லை என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே இருக்கின்றது. நாம் மீன் உண்பதில்லை, வலை வீசுவதில்லை, ஆதலின் கடலோடு நமக்கு வழக்கில்லை என்கின்றோம். வாய்க்குள் செல்லும் நீரை வடிகட்டிப் பருகும் நாம், நம் வீட்டினின்றும் வயலினின்றும் வெளியேறும் நீர் எங்குச் செல்கிறது என்று கேட்டதுண்டா? நம்மவருள் உழவர் பலர். இந்தியாவில் வேளாண்மைக்கு டி.டி.டி. பயன்படுத்துதல் 1989இல் நிறுத்தப்பட்டது. தென்னிந்தியாவை ஒட்டிய வங்காள விரிகுடாவில் கிடைத்த டால்பின்களின் உடலில் டி.டி.டி.யும் பி.சி.பி.யும் இருந்தமையை 1993இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அவை வைரஸால் மாண்டன என்று அதற்குப் பொருளில்லை. நம் வயல் நீரும் கடலுக்குப் போகிறது என்பதே பொருள்.

பி.சி.பி. கலந்த கருவிகளை 2025ஆம் ஆண்டுக்குள் பயன்பாட்டினின்று நீக்கவும், கழிவுகளை 2028க்குள் தீங்கின்றி அழிக்கவும் 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இலக்கு வைத்தது. பழைய மின்மாற்றியின் எண்ணெயை வாய்க்காலில் கவிழ்ப்பவர், ஆலை நடத்துபவர் நம் உறவினராயின் அவரிடம் இதனை எடுத்துரைத்தல் நம் கடன். உறவு கசக்கும் என்று அஞ்சிப் பேசாதிருத்தல் உடன்பாடாகிவிடும்.

இனிக் கரைக்கு வருவோம். டால்பின் இனத்துப் பெருவுயிர்களான பைலட் திமிங்கிலங்கள் 1973இலும் 2016 ஜனவரியிலும் நம் மணப்பாடு, திருச்செந்தூர்ப் பகுதிகளில் கூட்டமாக ஒதுங்கியதைப் பலர் நினைவு வைத்திருப்பீர். ஒதுங்குதல் எல்லாம் நோயால் நேர்வது அன்று. எனினும் கண்டவர்க்குத் தோன்றும் முதல் எண்ணம் அவ்வுயிரை இழுத்துக் கடலில் தள்ளிவிட வேண்டும் என்பதே. இரக்கத்தால் எழும் எண்ணம்தான். ஆயினும் அறிந்தோர் அதனை விலக்குகின்றனர். நோயுற்றது நீரில் தலையெடுக்க மாட்டாமல் மூழ்கும், அல்லது மீண்டும் ஒதுங்கும். வாலைப் பற்றி இழுத்தால் எலும்பு முறியும். செய்யத்தக்கது இதுவே: வனத்துறைக்கு உடனே தெரிவித்தல், கூட்டத்தையும் நாய்களையும் விலக்குதல், நிழல் அமைத்து, ஈரத்துணியால் உடலைக் காயாமல் காத்தல், மூச்சுத் துளையில் நீரோ மணலோ புகாமல் பார்த்தல், அமைதி. அதன் மூச்சு நம் முகத்தில் படலாகாது. இவ்வைரஸ் மாந்தரைப் பற்றியதாகச் செய்தி இல்லை எனினும், புருசெல்லா போன்ற வேறு கிருமிகள் பற்றக்கூடும். மயிற்பீலியால் நிலத்தை வருடி அமரும் முனிவரைக் கண்ட நமக்கு, தொடாமல் காக்கும் இரக்கம் புதிதன்று.

பிழைக்காது என்று மருத்துவர் முடிவு செய்த டால்பினை மருந்து செலுத்தி உயிர் நீக்குதல் மேனாட்டு வழக்கம். நம் இளைஞர்கள் இது குறித்துக் கேட்கின்றனர். மழுப்பாது விடை சொல்ல வேண்டும். துன்புறும் உயிரைத் துன்பம் தீர்ப்பதாகக் கருதியும் கொல்லலாகாது என்று அமிர்தசந்திராசாரியார் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இக்கேள்வியை எடுத்தே மறுத்துள்ளார். அதுவே நம் நிலை. ஆனால் இரவெல்லாம் அவ்வுயிரின் அருகிலிருந்து பாடுபட்ட மருத்துவரைக் கொலைஞர் என்று ஏசும் உரிமை, வீட்டிலிருந்து செய்தி படித்த நமக்கு இல்லை. கொல்லாதே என்று கூறும் நாம், அவ்வுயிர் தானே அடங்கும் வரையில் உடனிருந்து நிழல் பிடிக்கவும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அது ஒரு நாளும் ஆகலாம்.

வருமுன் காக்கும் வழியும் ஓரிடத்தில் தொடங்கியிருக்கின்றது. ஹவாய்த் தீவுகளில் அருகிவரும் மங்க் கடல்நாய்களுக்கு 2016 முதல் இக்குலத்து நோய்க்கு எதிரான தடுப்பூசி போடுகின்றனர். அவை கரையேறி உறங்கும் வேளையில், நீண்ட கோலின் முனையில் ஊசியைப் பொருத்தி, எழுப்பாமல் செலுத்திவிட்டு விலகுகின்றனர். சில வாரங்கள் கழித்து அதே கடல்நாயைத் தேடி மறுமுறையும் செலுத்துகின்றனர். டால்பின் கரையேறி உறங்குவதில்லை. ஓயாமல் நீந்திக்கொண்டிருக்கும் அதற்கு இவ்வுதவி இன்னும் எட்டவில்லை.