தருவதற்குப் பெண் பொருளா?

1964-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10-ஆம் நாள். மேற்கு ஜெர்மனியில், கொலோன் நகரத்து டாய்ட்ஸ் புகைவண்டி நிலையத்தில் விழாக்கோலம்! இசை முழங்குகிறது. செய்தியாளர் சூழ்ந்து நிற்கின்றனர். ஒலிபெருக்கி ஒரு பெயரை அழைக்கிறது. நெடுந்தொலைவு பயணம் செய்த களைப்போடு, திகைப்போடு முன்வருகிறார் போர்த்துகல் நாட்டுத் தச்சர் அர்மாண்டோ ரொட்ரிகெஸ். அவர்தாம் அந்நாட்டுக்கு வந்த பத்து இலட்சமாவது 'விருந்துத் தொழிலாளர்'! கையிலே மலர்க்கொத்து தந்தனர். ஏறிச் செல்ல மொப்பெட் வண்டி ஒன்றும் தந்தனர்.

1955-இல் இத்தாலியோடு செய்த உடன்படிக்கையில் தொடங்கியது அந்த அழைப்பு. 1960-இல் ஸ்பெயினும் கிரீசும், 1961-இல் துருக்கியும், 1964-இல் போர்த்துகலும், 1968-இல் யூகோஸ்லாவியாவும் அழைக்கப்பட்டன. நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆள் வேண்டும், எஃகு உலைக்கு ஆள் வேண்டும், மோட்டார்த் தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும் என்றனர். வந்தவர்க்கு 'விருந்தினர்' என்று பெயரும் சூட்டினர். விருந்தாளியை உலைமுன் நிறுத்தி வேலை வாங்கும் விந்தையான விருந்து அது!

மலர் தந்தீர்கள், வண்டி தந்தீர்கள், வேலை தந்தீர்கள். வந்தவனுக்கு உங்கள் மகளைத் தருவீர்களா? (ரொட்ரிகெஸ் மணமானவர், அவரைக் குறித்தன்று இக்கேள்வி. அவருக்கு முன்னும் பின்னும் வந்த இளைஞர் பல்லாயிரவரைக் குறித்தது.) குடிவந்தோரை ஒரு சமுதாயம் மெய்யாகவே ஏற்றுக்கொண்டதா என்று அறிய, இதனினும் கூரிய உரைகல் இல்லை என்பர் பலர். ஒரே பட்டறையில் உழைக்கலாம், ஒரே கடையில் ரொட்டி வாங்கலாம். ஒரே இல்லத்தில் வாழ இசைவு உண்டா என்பதன்றோ சோதனை!

கேள்வி கூரியதுதான். ஆயினும் அக்கேள்வியின் உள்ளேயே ஒரு நச்சுவேர் இருக்கிறது. 'தருவீர்களா' என்கிறோமே, தருவதற்குப் பெண் என்ன பொருளா? வீட்டுக்குரிய பண்டமா? நாட்டுக்குரிய சொத்தா?

ஆம், அப்படித்தான் எண்ணியது சட்டம்! 1913-இல் இயற்றிய ஜெர்மானியக் குடியுரிமைச் சட்டம் சொன்னதைக் கேளுங்கள். ஜெர்மானிய ஆண் அயல்நாட்டுப் பெண்ணை மணந்தால் அவளும் ஜெர்மானியள் ஆவாள். ஜெர்மானியப் பெண் அயல்நாட்டானை மணந்தாலோ, அவள் தன் குடியுரிமையை இழப்பாள்! பிறந்த மண், பேசிய மொழி, பெற்ற கல்வி அனைத்தும் மணநாளன்று மறைந்துவிடும். அவன் மணந்தால் வரவு. அவள் மணந்தால் செலவு. இது பேரேட்டுக் கணக்கா, மனிதர் வாழ்வா?

இந்தக் கணக்கை இட்லரின் ஆட்சி இரத்தத்தில் எழுதிற்று. 1935 செப்டம்பர் 15-இல் நியூரம்பர்க் நகரில் பிறந்த சட்டம், யூதரும் ஜெர்மானியரும் மணப்பதைக் குற்றமாக்கிற்று. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1905-இல், தென்மேற்கு ஆப்பிரிக்கக் குடியேற்ற நாட்டில் வெள்ளையர் கறுப்பரை மணப்பதைப் பதிவு செய்யலாகாது என்று ஜெர்மானிய அதிகாரம் தடுத்திருந்தது. அங்கே விதைத்தது இங்கே விளைந்தது.

அந்த இருட்டிலும் ஒரு விளக்கு எரிந்தது. 1943 பிப்ரவரி இறுதியில், பெர்லினில் எஞ்சியிருந்த யூதர்கள் வளைத்துப் பிடிக்கப்பட்டனர். யூதரல்லாத பெண்களை மணந்திருந்தவர் உட்பட ஏறத்தாழ 2,000 பேர் ரோசன் தெருக் கட்டடம் ஒன்றில் அடைக்கப்பட்டனர். செய்தி அறிந்த மனைவியர் வாயிலில் திரண்டனர். ஒரு நாளன்று, இரு நாளன்று. நாள்தோறும் வந்து நின்றனர். ஏந்திய ஆயுதம் எதுவும் இல்லை. "எம் கணவரைத் திருப்பித் தருக" என்னும் குரல் ஒன்றே! மார்ச்சுத் திங்களில் அடைபட்டோருள் பெரும்பாலோர் விடுதலையாயினர். மனைவியர் நின்றதால்தான் விடுதலை வந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுவர். அவர்கள் நின்றார்கள் என்பதிலே வேறுபாடு இல்லை. 'இனத்தின் சொத்து' என்று எவரைச் சட்டம் கருதியதோ, அவர்களே "யாம் யாருடைய சொத்தும் அல்லேம்" என்று தெருவில் நின்று காட்டினர்.

இட்லர் வீழ்ந்தான், எண்ணமும் வீழ்ந்ததா? 1949-இல் வகுத்த அடிப்படைச் சட்டம் ஆணும் பெண்ணும் சமம் என்றது. அயலானை மணந்த பெண் குடியுரிமையை இழக்கும் விதி 1953-இல் முற்றும் ஒழிந்தது. ஆனால் குழந்தை? ஜெர்மானியத் தாய்க்கும் அயல்நாட்டுத் தந்தைக்கும் மணவாழ்வில் பிறந்த குழந்தை, நாடற்றதாகிவிடும் நிலை நேர்ந்தாலொழிய, அயல்நாட்டுக் குழந்தையே! பத்துத் திங்கள் சுமந்தவள் குடிமகள்; அவள் மடியில் கிடக்கும் மழலை அயலான்!

1972-இல் மியூனிக் ஒலிம்பிக் விழாவில் நிகழ்ந்த படுகொலைக்குப் பின், அரபு நாட்டவர் பலர் ஜெர்மனியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். கணவன் போனால் குடும்பம் என்னாவது? பிராங்பர்ட் நகரில், ரோசி வோல்ப்-அல்மனாஸ்ரே என்னும் பெண்மணியின் முயற்சியில், அயலாரை மணந்த மகளிர் அவ்வாண்டே ஒரு சங்கம் கண்டனர். கூட்டம் கூட்டினர், மனு எழுதினர், சட்டத்தின் கதவைத் தட்டினர். 1974 மே 21-இல் கார்ல்சுரூ நகரத்து அரசியலமைப்பு நீதிமன்றம், தாய்வழிக் குடியுரிமையை மறுப்பது சமத்துவத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. 1975 முதல் தாயின் குடியுரிமையும் குழந்தைக்கு உரிமையாயிற்று. இயற்கை என்றோ தந்துவிட்ட உறவைச் சட்டம் ஒப்புக்கொள்ள இத்தனை காலம்!

மேற்கே இந்நிலை எனின், பொதுவுடைமை பேசிய கிழக்கு ஜெர்மனியில் மட்டும் பொன்னுலகம் பூத்ததோ? அங்கே வியட்நாமிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளராய் வந்த பெண் கருவுற்றால், கருவைக் கலை அல்லது ஊருக்குத் திரும்பு என்பதே 1980-களில் விதி. தோழமை என்று சுவரில் எழுதினர். தொட்டிலுக்கு இடமில்லை என்று ஏட்டில் எழுதினர்.

சட்டம் மாறினால் உள்ளம் உடனே மாறிவிடுமா? 1974-இல் பாஸ்பிண்டர் எடுத்த 'அச்சம் ஆன்மாவைத் தின்னும்' என்னும் படம் இதற்கு விடை சொல்கிறது. கூட்டித் துடைக்கும் வேலை செய்யும் முதிய கைம்பெண் எம்மி, மொராக்கோ நாட்டு இளந்தொழிலாளி அலியை மணக்கிறாள். பெற்ற மக்களும் அண்டை வீட்டாரும் வெறுத்து ஒதுக்குகின்றனர். பின்னர் அவளால் காரியம் ஆகவேண்டியபோது, ஒவ்வொருவராய்ச் சிரித்துக்கொண்டு திரும்புகின்றனர்! தேவை வந்தால் திறக்கும் கதவு, அன்பு வந்தால் திறப்பதில்லை. எம்மியும் ஒருநாள் தன் தோழியர்க்கு அலியின் தோள் வலிமையைத் தொட்டுப் பார்க்கக் காட்டுகிறாளே, அங்கேதான் நம் நெஞ்சு குத்துகிறது. கணவனையும் காட்சிப் பொருளாக்கும் நோய், காதலித்தவளையும் தொற்றிவிடுகிறது.

இவ்வளவும் வரவேற்ற வீட்டின் குற்றம். வந்த வீட்டில் குற்றமே இல்லையா? நடுநிலை தவறாத நெஞ்சம் அதையும் கேட்டாக வேண்டும்.

ஹாத்தூன் சுரூஜூ பெர்லினில் பிறந்தவள். துருக்கியிலிருந்து வந்த குர்திய குடும்பத்து மகள். இளவயதிலேயே துருக்கிக்கு அனுப்பி உறவினன் ஒருவனுக்கு மணமுடித்தனர். அவள் அம்மணத்தை உதறினாள், பெர்லினுக்குத் திரும்பினாள், மகனைப் பெற்றுத் தனியே வளர்த்தாள், மின்பணியாளர் தொழில் பயின்றாள். தன் வாழ்வைத் தானே தேர்ந்தாள். அதுதான் அவள் செய்த 'பிழை'! 2005 பிப்ரவரி 7-இல், பேருந்து நிறுத்தத்தின் அருகே, அவளைச் சுட்டுக் கொன்றான் உடன்பிறந்த தம்பி. அப்போது அவளுக்கு வயது 23. 'குடும்ப மானம்' என்றான்! ஒருத்தியின் உயிரைக் குடித்துத்தான் உயிர்வாழும் எனின், அதன் பெயர் மானமா?

இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். "எம் இனத்துப் பெண் அயலானிடம் போனால் அவள் எம்மவள் அல்லள்" என்றது 1913-இன் சட்டம். "எம் குடும்பத்துப் பெண் எம் சொல்லை மீறினால் அவள் உயிரோடிருக்கலாகாது" என்றது தம்பியின் துப்பாக்கி. கொடுமையின் அளவிலே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. கொள்கையின் வேரிலே வேறுபாடு இல்லை. கூட்டத்தின் எல்லைக்குப் பெண்ணுடலே வேலி என்பதுதான் இரண்டுக்கும் வேர்!

"வேலி இல்லாவிடில் பண்பாடு அழியாதா?" என்று கேட்பார் உண்டு. வந்தவர் அஞ்சுகின்றனர், தம் மொழி பேரக்குழந்தையின் நாவில் நிலைக்காதென்று. இருந்தவர் அஞ்சுகின்றனர், தம் நாட்டின் முகமே மாறிவிடுமென்று. அச்சம் இயல்பே, அதை எள்ளி நகையாடேன். ஆனால் மொழி வாழ்வது தாலாட்டால், ஏட்டால், பேச்சால். மகளைப் பூட்டி வைத்துக் காத்த மொழி உலகில் எங்கே உண்டு? பூட்டிய அறையில் வளர்வது பண்பாடன்று, புழுக்கம்.

அரசும் இங்கே தடுமாறுகிறது. கட்டாய மணத்தைத் தடுக்கவும் குடிவந்தோர் ஒன்றிக் கலக்கவும் என்று சொல்லி, அயல்நாட்டிலிருந்து வரும் துணைவர் புறப்படுமுன்னரே அடிப்படை ஜெர்மன் மொழி அறிந்திருக்க வேண்டும் என 2007-இல் விதித்தனர். மொழி கற்பது நன்று. ஆனால் அமெரிக்கருக்கும் ஜப்பானியருக்கும் விலக்கு உண்டு. துருக்கியருக்கும் இந்தியருக்கும் விலக்கு இல்லை என்றனர். கட்டாய மணம் கொடிதெனின், கட்டாயப்படுத்தியவனைப் பிடிக்க வேண்டும். 2011-இல் அதனைத் தனிக் குற்றமாக்கியது சரியான வழி. விரும்பி மணந்தவளைக் கடவுச்சீட்டின் நிறம் பார்த்துக் காக்க வைப்பது எந்த நீதி?

மற்றொன்றும் சொல்வேன். கலப்புமணத்தைப் புகழ்வோர் சிலர், "எத்தனை இணைகள், எவ்வளவு ஒற்றுமை" என்று எண்ணிக்கை பார்க்கின்றனர். அதுவும் தவறே! எவரும் நாட்டொற்றுமைக்காக மணந்துகொள்வதில்லை. தன் இனத்தானை விரும்பி மணப்பவள் பிற்போக்குடையவள் அல்லள். அயலானை மணப்பவள் தொண்டு செய்பவளும் அல்லள். வேண்டும் என்னும் உரிமை போலவே வேண்டா என்னும் உரிமையும் அவளுக்கே உரியது. எண்ணவேண்டியது இணைகளை அன்று. இன்னும் எத்தனை தடைகள் எஞ்சியுள்ளன என்பதையே.

தடைகள் ஒவ்வொன்றாய்ச் சரிகின்றன. 2000 முதல், அயல்நாட்டார்க்கு அங்கே பிறக்கும் குழந்தையும், பெற்றோர் உரிய காலம் வாழ்ந்திருந்தால், பிறப்பாலேயே குடிமகவு ஆகிறது. 2024 சூன் முதல், பழைய குடியுரிமையைத் துறக்காமலே புதியதைப் பெறலாம். தாய்நாடா, வாழும் நாடா என்று இனி எவரும் நெஞ்சைப் பிளக்க வேண்டியதில்லை. ஆயினும் 1993-இல் சோலிங்கன் நகரில் துருக்கியக் குடும்பத்தார் ஐவரைத் தீயிட்டுக் கொன்ற வெறுப்பும், 2020-இல் ஹானாவ் நகரில் ஒன்பது பேரைச் சுட்டு வீழ்த்திய வெறுப்பும் மறக்கற்பாலவை அல்ல. சட்டப் புத்தகம் திருந்திவிட்டது. நெஞ்சப் புத்தகத்தில் திருத்த வேண்டிய பக்கங்கள் இன்னும் உள.

ஜெர்மனியில் 1876 முதல் நாடெங்கும் மணப்பதிவு அரசு அலுவலரின் மேசையில்தான் நடைபெறுகிறது. மணமக்கள் இருவரும் நேரில் நிற்க வேண்டும், பதிலாள் கூடாது. அலுவலர் தந்தையை நோக்கி "தருகிறாயா?" என்று கேட்பதில்லை. தமையனை நோக்கி "இசைகிறாயா?" என்றும் கேட்பதில்லை. நிற்கும் இருவரையும் தனித்தனியே கேட்கிறார், மணந்துகொள்ள விரும்புகிறீரா என்று. விடை சொல்லும் உரிமை அவ்விருவர்க்கே!

அந்த எளிய கேள்விக்கு ஈடாக எந்த இனத்தின் வரலாறும் இல்லை; எந்தக் குடும்பத்தின் மானமும் இல்லை. மகளைத் தருவீர்களா என்று இனிக் கேட்க வேண்டா. அவள் விடை சொல்லும்போது குறுக்கே நில்லாதிருப்பீர்களா என்று கேளுங்கள். வந்த வீடும் வரவேற்ற வீடும் அதற்கு 'ஆம்' என்னும் நாளில், விருந்தினர் என்னும் பொய்ப்பெயர் ஒழியும். வீட்டார் என்னும் மெய்ப்பெயர் நிலைக்கும்.