ஏவலும் பொறுப்பும்

ஐக்கிய அமெரிக்காவில் இயன்மருத்துவர் சங்கம் 1967 இல் வகுத்த கொள்கையின்வழித் தோன்றியவரே இயன்மருத்துவ உதவியாளர். பயிற்சி ஏறத்தாழ ஈராண்டு. நோயாளியைப் பரிசோதித்துச் சிகிச்சைத் திட்டம் வகுப்பவர் இயன்மருத்துவர்; அதனைக் கைகளால் நிறைவேற்றுபவர் உதவியாளர். செயற்கை மூட்டுப் பொருத்திய முழங்காலை மடக்குகையில் நோயாளி அலறுவாராயின், அவ்வேதனைக்குப் பொறுப்பாளி யார்? ஏவியவரே என்பது எளிதான விடை. ஏவியவரோ அவ்வேளை அறையில் இல்லாதிருத்தலுங் கூடும். பயிற்சி இவ்விடையை ஏற்பதில்லை. தசை இழுபடும் நோவு வேறு, குருதி உறைந்து கெண்டைக்கால் வீங்கிச் சிவக்கும் குறி வேறு என அறியவும், ஐயம் எழின் நிறுத்தி அறிவிக்கவும் அது கற்பிக்கின்றது. திட்டத்தை மாற்றும் உரிமையற்ற கைக்கு நிறுத்தும் கடமை உண்டு. வெறுங் கருவிக்கு இக்கடமை எங்ஙனம் பொருந்தும்? ஆயினும் அலறலுக்கு இரங்கியே நாள்தோறும் நிறுத்துபவரைப் பயிற்சி பாராட்டுவதில்லை. மடக்கப்படாத மூட்டு இறுகிவிடும். பின்னர் படியேறவும் நாற்காலியினின்று எழவும் இயலாது வருந்துபவர் அந்நோயாளியே.